முன்பக்கம் பாரமில்லாத கார்

மலைக் கோயிலுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், சாப்பாட்டு மேசையில் வைத்தே நான் வேலை பார்க்கும் வீட்டு அம்மாவான சிஞ்ஞோராவின் மகன் தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

"அம்மா ஆசைப்பட்டபடி நாளைக்கு அப்பான்ரை காரிலை மலைக்குப் போவம். ஒரு பிரச்சினையும் இல்லாமல் திரும்பி வந்தால் அம்மா இஞ்சையே இருக்கட்டும், இவரே பாக்கட்டும். வழியிலை ஏதாவது பிழை நடந்தால் திங்கட்கிழமை அம்மா என்னோடை மிலானுக்கு வாறா. அதுக்குப் பிறகு ஒருதரும் கதைக்கக்கூடாது."

'இவரே' என்றபோது முள்ளுக்கரண்டியால் என்னைக் காட்டினார். பேச்சு நடந்தது இத்தாலியனில். எனக்கு எழுத வரும் மொழி இதுதான் என்பதால் எல்லோரையும் எங்கள் பேச்சிலேயே பேச விடுகிறேன்.

மகன் மிலானில் வழக்கறிஞர். பலெர்மோவில் வழக்கறிஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'அவ்வக்காத்தோ' என்பார்கள். நானும் அப்படித்தான். கோடையில் சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதிலிருந்து மகனுக்குத் தாயைத் தனியே விடப் பயம். மிலானில் வயதானவர்களை வைத்துப் பராமரிக்கும் விடுதி ஒன்றும் பார்த்து வைத்திருந்தார். முன்பொரு மாரிக்குச் சிஞ்ஞோரா மகன் வீட்டில் போய் இருந்தவர். அங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சாப்பாட்டைக் குறைத்து, பேச்சையும் நிறுத்திவிட்டார். நான் போய்க் கூட்டிவந்தபோது ரயிலில் நேப்பிள்ஸ் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். மறுபடி போனால் திரும்பி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நகரத்தில் ஒரு தோள்பையோடு வந்து இறங்கினேன். இன்று வியா மக்வேதாவுக்குப் பின்தெருவில் சொந்தக் கடை, சீசா என்கிற பகுதியில் சொந்த வீடு. என் கடையில் அரிசி வாங்காத தமிழ்க் குடும்பத்தை எனக்குக் காட்டுங்கள். பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி விஷயமாகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிற படித்த ஆட்கள்கூட முதலில் என்னிடம் வந்து வழி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இவ்வளவு வந்த பிறகும் ஏன் ஒரு கிழவிக்குக் கார் ஓட்டுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன்: எனக்குக் கடதாசி ஒன்றும் இல்லாத காலத்தில் கதவைத் திறந்தது அந்த வீடு.

வீட்டுக்காரர் எஞ்சினியர். நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துக் காலமானார். அவருக்கு ஒரே பைத்தியம், கீழே கராஜில் நின்ற செக் நாட்டுக் கார். இளமையில் அந்த நாட்டுத் தொழிற்சாலைக்கே போய் வேலை பார்த்தவர். ஞாயிறுகளில் நான் காரைத் துடைக்க, அவர் ஸ்டூலில் இருந்துகொண்டு அந்தக் கம்பனியின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். எனக்குப் படிப்புத்தான் இல்லை, காதில் விழுந்தது எதுவும் வெளியே போகாது. அந்தக் கம்பனியின் நூறு வருடத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். முன்னால் இருப்பது சாமான் வைக்கும் பெட்டி. அதன் மூடி மேலே தூக்காது, கதவுபோலப் பக்கவாட்டில் திறக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பக்கம் காற்று மாதிரி. ஈர ரோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கேட்காது, நேரே போகப் பார்க்கும். பயந்து பிறேக் அடித்தால் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். அதனால் எஞ்சினியர் முன்பெட்டிக்குள் ஒரு மாபிள் பலகை வைத்திருந்தார். அது குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டது. அவருக்குப் பிறகு நான் அதை எடுத்துவிட்டு என் கடை அரிசியில் இரண்டு பெரிய மூட்டை வைத்தேன். அரிசி அசையாது, மூலைக்கு மூலை படிந்து கிடக்கும். வண்டு வைக்கமுதல் கடைக்கு எடுத்துப் புது மூட்டை வைப்பேன். எந்த எஞ்சினியருக்கும் தோன்றாத யோசனை அது.

ஞாயிறு காலை வானம் மூடிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா பின்சீட்டில், அவ்வக்காத்தோ எனக்குப் பக்கத்தில். துறைமுகத்தைத் தாண்டி மலை ரோட்டில் ஏறத் தொடங்கியதும் சிஞ்ஞோரா என் கதிரையின் முதுகைத் தட்டினார்.

"தொடங்கு."

அந்தக் காரில் ஏறினால் அவருக்கு அந்தக் கம்பனிக் கதை வேண்டும். கணவர் சொன்ன வரிசையில், கணவர் சொன்ன சொல்லில்.

"ஒரு ஊரிலை ஒரு புத்தகக்கடைக்காரர்," என்று தொடங்கினேன். "அவரிட்டை ஒரு சைக்கிள் இருந்தது. ஜெர்மன் கம்பனியின்ரை. அது பழுதாப் போச்சு. மனுசன் தன்ரை செக் பாஷையிலை கம்பனிக்கு எழுதிக் கேட்டார். அவங்கள் என்ன சொன்னாங்கள்? பதில் வேணுமெண்டால் எங்களுக்கு விளங்கிற பாஷையிலை எழுது எண்டாங்கள்."

"மரியாதை தெரியாதவங்கள்," என்றார் சிஞ்ஞோரா. இந்த இடத்தில் எப்போதும் அதைச் சொல்வார்.

"மனுசனுக்கு ரோசம் பத்திட்டுது. ஒரு மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு தானே சைக்கிள் செய்யத் தொடங்கிட்டார்."

கதையில் எனக்குப் பிடித்த இடம் அது. குவெஸ்தூரா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒழுங்கான இத்தாலியனில் பேசு என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கடை போட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் குரலை உயர்த்திச் சொல்வேன். அன்று முடியவில்லை. முதல் வளைவில் ஸ்டியரிங் கைக்குள் தண்ணீர்போலச் சுற்றியது.

முதலில் ரயரில் காற்று குறைவோ என்று நினைத்தேன். அடுத்த வளைவில் முன்பக்கம் வெளிப்பக்கமாக நழுவிப் பிறகுதான் பிடித்தது. அப்போதுதான் விளங்கியது. முன்பெட்டியில் பாரம் இல்லை.

விடியக்காலையில் காரைத் துடைத்தபோது மூட்டைகள் கிடந்தன. நான் பார்த்தேன். மூடியைத் திறந்தபடி விட்டு, சிஞ்ஞோராவைக் கூட்டிவர மேலே போனேன். அவர் உடுத்திப் புறப்பட மூன்று மணித்தியாலம் எடுத்தது; திரும்பி வந்தபோது மூடி மூடிக் கிடந்தது. காற்றுக்குச் சாத்தியிருக்கும் என்று தட்டிப் பூட்டினேன்.

ரோடு ஒடுக்கம். ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் இடுப்பளவு மதில், அதற்குக் கீழே நகரம். திருப்ப இடமில்லை. நிறுத்தினால் ஏன் என்று அவ்வக்காத்தோ கேட்பார். இரண்டாம் கியரில் போட்டு ஊர்ந்தேன்.

"பிறகு?" என்றார் சிஞ்ஞோரா.

"பிறகு காரும் செய்யத் தொடங்கினவை."

அவ்வக்காத்தோ என் பக்கம் திரும்பினார். "மோட்டார் சைக்கிளை விட்டிட்டாய். சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள், அதுக்குப் பிறகுதான் கார். அப்பா எனக்கும் சொன்னவர்."

"ஓம், அவ்வக்காத்தோ. மோட்டார் சைக்கிள்."

"ஏன் வேர்க்குது உனக்கு?"

"வயது போகுது."

அதற்குப் பிறகு அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே ஒரு புனிதையின் குகைக் கோயில். பலெர்மோக்காரர்களுக்கு அந்தப் புனிதை நகரத்தின் காவல். எங்கள் சனத்துக்கு அவர் மலை அம்மா. மன்னார் வேதக்காரரும் வருவார்கள், யாழ்ப்பாணத்துச் சைவக்காரரும் வருவார்கள். வெறுங்காலோடு ஏறி நேர்த்தி தீர்த்து, வெளியே கூடிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். அன்றும் பெருங்கூட்டம். மகன் தாயைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனதும் நான் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பழைய துணி மட்டும் கிடந்தது.

"அத்தான், இஞ்சாலை வாங்கோ. சனம் உங்களைத்தான் கேக்குது."

என் மனைவியின் தம்பி. அகப்பையும் கையுமாக ஒரு பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"காருக்குள்ளை கிடந்த அரிசி எங்கை?"

அவன் அகப்பையால் கிடாரத்தைத் தட்டினான். "அரைவாசி சனத்தின்ரை வயித்துக்குள்ளை. மிச்சம் இந்தா."

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

"நேர்த்திச் சோத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி தரவேணுமெண்டு போன கிழமையே சொன்னனான்தானே. காலமை நீங்கள் கராஜிலை வைச்சிருந்த கிடாரத்தை எடுக்க வந்தன். கார் திறந்து கிடக்குது. உள்ளுக்கை இரண்டு மூட்டை அரிசி. கார் மலைக்குப் போகப்போகுது. நீங்கள் நேர்த்திக்கெண்டு ஏத்தி வைச்சிருக்கிறியள் எண்டுதான் நினைச்சன். சமைக்கிறதுக்கில்லாமல் வேறை என்னத்துக்கு அத்தான் மனுசன் காருக்குள்ளை அரிசி வைப்பான்?"

கோபப்பட வாய் திறக்கிறேன், மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இந்தமுறை முழுச் சோறும் உங்கடையாம். மலை அம்மா உங்களைக் கைவிடமாட்டா."

"எல்லாம் அவவின்ரை அருள்," என்றேன். வந்த புகழை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற ஆள் நான் இல்லை. அந்த நேரம் முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மச்சானை இழுத்துக்கொண்டு போய்க் காரின் முன்பெட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போனது. சமைத்த கையோடு நின்றபடி யோசித்தான்.

"நான் உதுக்குள்ளை ஏறிப் படுக்கட்டே?"

"உன்ரை வயித்துக்கு மூடி பூட்டாது. போய் ஏதாவது பாரமாப் பார்."

மெழுகுதிரி விற்கிற கடைக்காரர் மழைக்குக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய குடையைக் காற்றுத் தூக்காமல் இருக்க, காலடியில் மணல் மூட்டைகள் கிடந்தன. அவரிடம் கெஞ்சி வாங்கினோம். நனைந்த மணல், நல்ல பாரம். நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றிக்கொண்டிருக்கையில் பின்னால் குரல் வந்தது.

"என்ன செய்யிறியள்?"

அவ்வக்காத்தோ. தலை நனைந்திருந்தது.

பொய் சொல்லத்தான் நாக்கு வந்தது. மழைக்கு முன்னேற்பாடு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவர் மூட்டையைப் பார்க்கவில்லை. வெறுமையாகக் கிடந்த பெட்டியின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரம் ஏத்திறம்."

"ஏறிவரேக்கை இருந்ததோ?"

"இல்லை."

மச்சான் மெல்ல இரண்டடி பின்னால் போனான். அவ்வக்காத்தோ தன் மேல்சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். முழங்கை எலும்பு ஒரு பக்கம் தள்ளி நின்றது, மேலே நீளமாகப் பழைய தழும்பு.

"இதே கார். இதே மாதிரி மழை. எனக்கு அப்ப சின்ன வயசு, பின்னுக்கு இருந்தனான். முன்சக்கரம் கேக்கேல்லை, அப்பா பிறேக்கிலை கால் வைச்சிட்டார். கார் சுத்தி மதிலோடை அடிச்சுத்தான் நிண்டது. அதுக்குப் பிறகுதான் அந்த மாபிள் பலகை வந்தது. அப்பா உனக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. கம்பனியின் நூறு வருடத்தையும் சொன்ன மனுசன் அந்த ஒரு நாளை எனக்குச் சொல்லவில்லை. நான் இவ்வளவு காலமும் இந்த ஆளைக் காரில் ஏற முகம் சுளிக்கிற மிலான்காரன் என்று நினைத்திருந்தேன். அவர் அன்று காலை ஏறி உட்கார்ந்ததே பெரிய காரியம்.

அவர் டக்சிக்குப் போன் எடுத்தார். ஞாயிறு, மழை, மலை. ஒருவரும் வருகிறோம் என்று சொல்லவில்லை. கோயில் வாசலில் கதிரையில் இருந்த தாயிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"அம்மா, முடிஞ்சுது. வழியிலை பிழை நடந்தால் எண்டு சொன்னனான். நடந்திட்டுது."

சிஞ்ஞோரா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். "இன்னும் வழி முடியேல்லை. வந்த காரிலைதான் நான் இறங்குவன்."

"அந்தக் கார் ஆளைக் கொல்லும்."

"அப்ப நீ பஸ்ஸிலை வா."

அவர் பஸ்ஸில் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஏறி இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். மணல் இருந்தது, ஆனால் ரோட்டில் தண்ணீர் வாய்க்கால்போல ஓடியது. "கதை சொல்லாதை, றோட்டைப் பார்," என்றார் அவ்வக்காத்தோ. நான் சொல்லவில்லை. பின்னால் இருந்து சிஞ்ஞோராவே தொடங்கினார். குரல் நடுங்கினாலும் வரிசை பிசகவில்லை.

"சண்டை முடிஞ்சுது எண்டு எல்லாரும் வெளியிலை வந்த பிறகு அந்தத் தொழிற்சாலையிலை குண்டு விழுந்தது. பிறகு அரசாங்கம் எடுத்தது. பிறகு எஞ்சினைப் பின்னுக்கு வைச்சாங்கள். உலகமெல்லாம் சிரிச்சுது. பின்கண்ணாடிக்கு ஏன் சூடு வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேட்டால், தள்ளுறவன்ரை கை குளிராமல் இருக்கவாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வளைவு ஒன்று வந்தது. திரும்பியதும் ரோட்டை நிறைத்து எங்கள் சனம், குடையும் பிளாஸ்டிக் பையும் தலைக்குப் பிடித்தபடி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் தோளில் குழந்தை.

கால் தானாகப் பிறேக்கைத் தேடியது. நான் அதைத் தூக்கி வைத்தேன். பிறேக் அடித்தாலும் சுற்றும், அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டாலும் சுற்றும். ஹோர்னை அழுத்தியபடி, அதே வேகத்தில், மதில் பக்கம் இருந்த இடைவெளிக்குக் காரைப் பிடித்தேன். பின்பக்கம் நழுவத் தொடங்கியது. எனக்கு இடுப்பில் தெரிந்தது, காரின் வால் மெல்ல வெளியே போவது. ஸ்டியரிங்கை நழுவுகிற பக்கமே திருப்பினேன். அவ்வக்காத்தோவின் கை என் தொடையைப் பிடித்தது. நகம் இறங்கியது. ஒருவர் பை கண்ணாடியில் உரசிக்கொண்டு போனது. பிறகு முன்சக்கரம் பிடித்தது, கார் நேரானது, சனம் பின்னால் போய்விட்டது.

அந்த இடத்தில் வேறு யார் ஓட்டியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

மலை முடிந்து ரோடு தட்டையானதும் அவ்வக்காத்தோ கையை எடுத்தார்.

"பிறகு?" என்றார்.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. கதையைத்தான் கேட்டார்.

"பிறகு எஞ்சினை முன்னுக்குக் கொண்டு வந்தாங்கள். அந்தக் காருக்கு உடம்பு வரைஞ்சு குடுத்தது இத்தாலியன். கார் நல்லா வந்தது. ஆனால் ஆட்சி விழுந்திட்டுது, காசும் இல்லை. கடைசியிலை ஜெர்மன் கம்பனி ஒண்டோடை சேர்ந்தாங்கள். இண்டைக்கு உலகம் முழுக்க ஓடுது."

"சேராமல் தனிய நிண்டிருந்தால் அந்தக் கம்பனி செத்துப் போயிருக்கும்," என்றார் அவ்வக்காத்தோ. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "பெரிய இடத்தோடை சேர்றது வெக்கமில்லை, அம்மா."

மழை துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. கராஜ் வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகு சிஞ்ஞோரா பேசினார்.

"கம்பனிக்கு வேறை வழி இருக்கேல்லை. எனக்கு இருக்கு. இந்தக் காரை நீ கொண்டு போ. வில், ஆருக்கும் குடு, உடைச்சு எறி. இனி நான் இதிலை ஏறமாட்டன். நீ பயந்தது எனக்குத் தெரியும். சின்ன வயசிலையிருந்து தெரியும். உன்ரை அப்பருக்கு மனம் நோகுமெண்டு பேசாமல் இருந்திட்டன். கார் போகட்டும். நான் இஞ்சை இருக்கிறன்."

அவ்வக்காத்தோ கதவைத் திறந்தார், இறங்கவில்லை.

"இவர் எத்தனை நாள் வருவார் அம்மா? இவருக்கும் வயது போகுதெண்டு இவரே சொல்லுறார்."

"நான் எல்லா நாளும் வாறன்," என்றேன். "பின்னேரத்திலை என்ரை மனுசி வருவா. ராவிலை வந்து படுக்கிறதுக்கும் ஆள் ஒழுங்கு பண்ணித் தாறன். குளியலறையிலை பிடிக்கக் கம்பி போடவேணும், அதை நாளைக்கே நான் போடுறன். அவ்வக்காத்தோ, என்ரை கடையை ஒண்டுமில்லாமல் நான் கட்டினனான். ஒரு கிழவியைப் பாக்க எனக்கு ஏலாதோ?"

"கிழவியோ?" என்றார் சிஞ்ஞோரா பின்னாலிருந்து.

அவ்வக்காத்தோ இறங்கிப் போய்த் தாயின் பக்கக் கதவைத் திறந்து கையைக் கொடுத்தார். மூவரும் படியேறினோம், சிஞ்ஞோரா நடுவில். படி ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினோம், யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேலே சிஞ்ஞோராவின் அறைக்குள் போனபோதுதான் கண்டேன். கட்டிலுக்குப் பின்னால் சூட்கேஸ் ஒன்று, வார் கட்டி, தயாராக நின்றது. நாங்கள் புறப்படமுதலே சிஞ்ஞோரா அடுக்கி வைத்திருக்கிறார். ஆக, திரும்பி வருவோம் என்று நினைத்தவர், மிலானுக்குப் போகவேண்டி வரும் என்றும் நினைத்திருந்தார். சிஞ்ஞோரா கதிரையில் இருந்து நனைந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், அதைப் பார்க்காதது மாதிரி.

அவ்வக்காத்தோ சூட்கேஸைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். மேலே இருந்தது தாயின் கறுப்புக் கம்பளிக் கோட். அதை எடுத்து உதறி, அலுமாரியைத் திறந்து, உள்ளே பார்த்தபடி நின்றார்.

"இது எந்தப் பக்கம் கொழுவிறது?" என்று என்னிடம் கேட்டார்.

"இடப்பக்கம், அவ்வக்காத்தோ," என்றேன். "வலப்பக்கம் கோடை உடுப்பு."